அலையே இல்லாத அந்தப் படம் எந்தக் கடல்?

தீவுக்காரன்:
நேற்று இங்கே ஒரு பயணி போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இடிந்த பவளக்கல் சுவர், அதன் பின்னால் ஒரு நாட்டுப்படகு, அப்பால் கடல். படத்தின் கீழே "அரிச்சல்முனை, மன்னார் வளைகுடா, மாலை நேரம்" என்று எழுதியிருக்கிறார். இத்தனை பேர் பாராட்டினீர்களே, ஒருவராவது கடலைப் பார்த்தீர்களா? அலையே இல்லை. அலை இல்லாதது வடகடல், பாக் நீரிணை. அதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது மட்டுமா? ராமேஸ்வரம் தீவின் கோடியான அரிச்சல்முனையில் ஏது சுவர்? சாலை முடியும் இடத்தில் அசோகத் தூண் நிற்கிறது, மற்றதெல்லாம் மணல். இடிபாடுகள் நாலரை கிலோமீட்டர் முன்னால், பழைய தனுஷ்கோடியில் இருக்கின்றன.

மதுரைப் பயணி:
படம் எடுத்தவன் நான்தான். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் கடைசி வரை எல்லாமே அரிச்சல்முனை என்றுதான் வேன் ஓட்டுநர் சொன்னார். முதலில் அரிச்சல்முனை என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமே.

தீவுக்காரன்:
வேன் ஓட்டுநர் சொன்னால் கடல் இடம் மாறிவிடுமா? அலை இல்லை. வடகடல்.

கீழக்கரை காக்கா:
தம்பி, அலை இல்லையென்றால் வடகடல் என்பது வருடம் முழுவதற்குமான கணக்கு அல்ல. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் அப்படியே தலைகீழ். அப்போது உங்கள் பெண்கடல்தான் படகுகளைப் புரட்டிப் போடுகிறது. படம் எந்த மாதம் எடுத்தது என்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே.

தீவுக்காரன்:
காக்கா, கீழக்கரையில் இருந்துகொண்டு எங்கள் தீவுக் கடலுக்குப் பாடம் நடத்த வேண்டாம். உங்களுக்கு ஒரு பக்கம்தான் கடல். நாங்கள் இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள். வாடையில் வடகடல் பொங்கும் என்பது எனக்குத் தெரியாதா? பொங்கினாலும் அதன் அலை வேறு, தென்கடல் அலை வேறு. இந்தப் படத்தில் இரண்டுமே இல்லை.

தொண்டி வாத்தியார்:
அலையை விடுங்கள், நிழலைப் பாருங்கள். சுவரின் நிழல் கடலை விட்டு விலகி, படம் எடுத்தவரின் காலை நோக்கி நீளமாக விழுகிறது. அப்படியானால் சூரியன் கடலுக்கு மேலே தாழ்ந்து நிற்கிறது. தனுஷ்கோடி மணல்திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. அங்கே சூரியன் உதிப்பது பாக் நீரிணைப் பக்கம், சாய்வது மன்னார் வளைகுடாப் பக்கம். மாலையில் எடுத்தது என்பது உண்மையானால் அது தென்கடல். வடகடல் என்று அடம் பிடித்தால் அது காலைப்படமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

தீவுக்காரன்:
நிழலை வைத்து மீன் பிடிக்க முடியுமா? கடலைக் கடலை வைத்துத்தான் அறிய வேண்டும். அலை எங்கே, வாத்தியாரே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தொண்டி வாத்தியார்:
காலையா, மாலையா? அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தாள்:
நீங்கள் எல்லோரும் கடலையே பார்க்கிறீர்கள். அந்தச் சுவர் மாதா கோயிலுடையதா, ரயில் நிலையத்துடையதா என்று யாராவது பார்த்தீர்களா? 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு போய்விட்ட ஊர் அது. அங்கே நின்று "அருமையான பின்னணி" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மதுரைப் பயணி:
நான் அப்படி எழுதவில்லை, அக்கா. அது வேறு யாரோ எழுதிய பாராட்டு.

தங்கச்சிமடத்தாள்:
யார் எழுதினால் என்ன? படத்தைப் போட்டது நீங்கள்.

தீவுக்காரன்:
சுவர் எதுவாக இருந்தாலும் அலை இல்லை என்பது மாறாது.

கீழக்கரை காக்கா:
சென்ற முறையும் இப்படித்தான். கடலுக்குள் நடைபாதை போகும் ஒரு படத்தைப் பார்த்து, சேதுக்கரை என்று சாதித்தீர்கள். நவக்கிரகக் கற்கள் ஒன்பதும் கண் முன்னே நிற்கின்றன, அது தேவிபட்டினத்து நவபாஷாணம் என்று நாங்கள் கத்தினோம். கேட்டீர்களா?

தீவுக்காரன்:
அந்தப் படத்தில் தண்ணீர் ஏறியிருந்தது, கற்கள் பாதி மூழ்கியிருந்தன. அதை இங்கே இழுப்பது ஏன்? நீங்கள் பாம்பன் பாலத்தில் சறுக்கியதை நான் இழுக்கட்டுமா? இரண்டு இறக்கைகளாக மேலே விரியும் தூக்குப்பாலப் படத்தைக் காட்டி, புதிய பாலத்தில் கப்பல் போகிறது என்றீர்கள். அப்படி விரிவது 1914-இல் திறந்த பழைய பாலம். 2025 ஏப்ரலில் திறந்த பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு விரியாமல், செங்குத்தாக மேலே ஏறும். இதுகூடத் தெரியாதவர் காற்றுக் கணக்கு சொல்கிறார்.

கீழக்கரை காக்கா:
அந்தப் பதிவை எழுதியது என் தம்பி மகன். என் தலையில் கட்டாதீர்கள். அவனுக்கும் உங்களைவிடக் கடல் தெரியும்.

மதுரைப் பயணி:
படம் எடுத்தது தை மாதக் கடைசியில். இப்போதாவது ஏதாவது தெளிவாகிறதா?

கீழக்கரை காக்கா:
தை முடிவில் வாடை தணிந்துவிடும், கச்சான் தொடங்கியிருக்காது. இரண்டு கடலும் அடங்கிக் கிடக்கும் நாட்கள் உண்டு. நான் சொன்னதுதான் சரி.

தீவுக்காரன்:
நான் சொன்னதும் அதுதான். வாடை தணிந்த வடகடலில் அலை இருக்காது.

தொண்டி வாத்தியார்:
மாலையில் வடகடல் மேல் சூரியன் எப்படி வந்தது?

தீவுக்காரன்:
மாலை என்று எழுதியவர், சுவரே இல்லாத இடத்தில் சுவரைக் கண்டவர். அவர் சொன்ன இடம் தப்பு, அவர் சொன்ன நேரம் மட்டும் சரியா? காலையில் எடுத்திருப்பார்.

மதுரைப் பயணி:
காலையில் நான் அக்கினி தீர்த்தத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். மாலையில்தான் எடுத்தேன்.

தீவுக்காரன்:
ஊர்ப் பெயரையே மாற்றி எழுதியவரின் சாட்சி செல்லாது. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் படத்தைக் காட்டுங்கள், வடகடல் என்பார்கள்.

தங்கச்சிமடத்தாள்:
என் அப்பாவிடம் காட்டினேன். முதலில் அந்தப் படகு யாருடையது என்று கேட்டார். கடலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ரயில் நிலையமா, கோயிலா என்ற என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் தரவில்லை.

தீவுக்காரன்:
அப்பாவிடம் அலையைக் காட்டிக் கேளுங்கள், தங்கச்சி. படகைக் காட்டினால் படகைத்தான் சொல்வார்.