பூமியைக் காப்பது விசுவாசியின் கடமையா, கவனச்சிதறலா?

திராட்சைக்கொடி:
ஒரு விஷயம் சில நாட்களாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. சபைக் கூட்டங்களில் ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கப்புகளை நிறுத்திவிடலாமே என்று சொன்னேன். மூப்பர் ஒருவர், "தம்பி, அதெல்லாம் உலகத்தார் பார்த்துக்கொள்வார்கள், நாம் ஆத்துமாக்களைப் பார்ப்போம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. ஏதேன் தோட்டத்தில் மனுஷனை வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. பாவம் உலகத்துக்குள் வருவதற்கு முன்பே கொடுக்கப்பட்ட வேலை அது. அதை யாரும் திரும்ப வாங்கிக்கொண்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. இது கீழ்ப்படிதல் சம்பந்தப்பட்டது, இஷ்டமிருந்தால் செய்கிற சமூக சேவை இல்லை என்று நான் நம்புகிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எக்காளம்:
சகோ, அந்த மூப்பர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. நான் குப்பை போடச் சொல்லவில்லை, சுத்தமாக இருப்பது நல்லதுதான். ஆனால் நீங்கள் 2:15-ஐப் பிடித்துக்கொண்டு 1:28-ஐ விட்டுவிட்டீர்கள். "பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி, ஆண்டுகொள்ளுங்கள்" என்பதும் அதே தேவனுடைய வார்த்தைதானே. அப்புறம் 2 பேதுரு 3:10, "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்." எரியப்போகிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, உள்ளே இருப்பவர்களை வெளியே இழுப்பதா? சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியைச் சேவித்தவர்களைப் பற்றி ரோமர் 1:25 எச்சரிக்கிறது. சிலுவையைப் பேசிய மேடைகளில் இப்போது மரம் நடுவதை மட்டும் பேசுகிறார்கள், அதைக் கண்ணால் பார்த்துத்தான் இந்தப் பயத்தைச் சொல்கிறேன்.

கேள்விக்காரன்:
நான் விசுவாசி இல்லை, ஆனாலும் இதைக் கவனமாகப் படித்துவருகிறேன். லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் 1967-இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார். இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று மேற்கத்திய கிறிஸ்தவம் சொல்லிக்கொடுத்ததே இன்றைய சூழல் நெருக்கடியின் வேர்களில் ஒன்று என்றார். எக்காளம் 1:28-ஐ வாசிக்கிற விதத்தைப் பார்க்கும்போது அவர் சொன்னது சரியென்றுதான் தோன்றுகிறது. திராட்சைக்கொடி சொல்வது நல்ல எண்ணம், ஆனால் வசனத்தை இன்றைய தேவைக்கு வளைக்கிறார் என்று நினைக்கிறேன்.

திராட்சைக்கொடி:
வளைக்கிறேனா என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஒயிட். அவர் கட்டுரை குற்றச்சாட்டோடு முடியவில்லை. நெருக்கடியின் வேர் மதத்தில் இருப்பதால் மருந்தும் அங்கிருந்தே வரவேண்டும் என்று சொல்லி, பறவைகளையும் மிருகங்களையும் நேசித்த துறவி அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்வைத்தார். 1979-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் அதை அதிகாரபூர்வமாகவே அறிவித்தார்.

"ஆண்டுகொள்ளுங்கள்" என்ற இடத்தில் எபிரெயுவில் இருப்பது ராதா என்ற வினைச்சொல். மென்மையான சொல் இல்லை, ராஜா ஆளுவதைச் சொல்லும் சொல், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேதத்தில் அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். லேவியராகமம் 25:43, ஏழையாகிப்போன சகோதரனைக் கொடூரமாய் ஆளாதே. எசேக்கியேல் 34:4, ஆடுகளைப் பலாத்காரமும் கடூரமுமாய் ஆண்ட மேய்ப்பர்கள். அந்த அதிகாரத்தில் அவர்கள் மேல் தேவன் வழக்கே தொடுக்கிறார். அதாவது ஆளுகை கொடுக்கப்பட்டது உண்மை, அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்பதும் உண்மை. போப் சொன்னது உங்களுக்குக் கட்டளை ஆகாது என்று தெரியும் எக்காளம் சகோ, அதனால் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினிடம் போகிறேன். ஆதியாகமம் 2:15-க்கு அவர் எழுதிய விளக்கத்தில், வயலை வைத்திருக்கிறவன் அதன் விளைச்சலை அனுபவிக்கட்டும், ஆனால் தன் அசட்டையால் நிலம் கெட்டுப்போக விடக்கூடாது, தான் வாங்கியபடியோ இன்னும் மேலாகவோ அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கவேண்டும் என்கிறார். அது 16-ஆம் நூற்றாண்டு. இன்றைய தேவைக்கு யாரும் வளைக்கவில்லை.

பேதுருவுக்கு வருகிறேன். சினாய், வத்திக்கான் பிரதிகள் போன்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 3:10-இன் கடைசிச் சொல் "எரிந்துபோம்" என்று இல்லை, "கண்டுபிடிக்கப்படும்" என்று இருக்கிறது. செய்ததெல்லாம் வெளியே வந்து நிற்கும் என்ற பொருள். சரி, அந்தப் பாடபேதத்தை ஒதுக்கிவைத்தாலும் நாலு வசனம் மேலே, 3:6-இல், அப்போதிருந்த உலகம் ஜலப்பிரளயத்தினாலே அழிந்தது என்கிறார். நோவா இறங்கினது வேறொரு கிரகத்தில் இல்லையே, இதே பூமியில்தானே?

எக்காளம்:
நோவா விஷயத்தை யோசிக்கிறேன், உடனே பதில் சொல்ல வரவில்லை. ஆனால் எசேக்கியேலை நீங்கள் இழுத்துப் பயன்படுத்துகிறீர்கள். அங்கே ஆடுகள் என்றால் இஸ்ரவேல் ஜனங்கள், மேய்ப்பர்கள் என்றால் அவர்களுடைய தலைவர்கள். ஆறு, காடு, தவளை எதுவும் அந்தத் தீர்க்கதரிசனத்தில் இல்லை. ஜனங்களை மோசமாக ஆண்டதற்கு நியாயத்தீர்ப்பு என்பதை நானும் பிரசங்கிப்பேன்.

இன்னொன்று. இந்தப் பேச்சில் ஏழையை மறந்துவிடுகிறோம். வீட்டில் எல்லா வசதியும் உள்ளவர்கள் சுற்றுச்சூழல் என்று சொல்லி, இப்போதுதான் முதல் விளக்கை ஏற்றுகிறவனிடம் மின்சாரத்தைக் குறை என்கிறார்கள். அதற்கு என்னால் ஆமென் சொல்ல முடியாது.

கோதுமைமணி:
இரண்டு பிரதர்மாரும் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். எசேக்கியேல் 34 என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எக்காளம் பிரதர், ஆடுகள் ஜனங்கள்தான், நீங்கள் சொல்வது சரி. அதே அதிகாரத்தில் 18-ஆம் வசனத்தையும் வாசித்துவிடுங்கள். நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியை உங்கள் கால்களால் மிதித்துப்போடவேண்டுமோ, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை உங்கள் கால்களால் குழப்பிவிடவேண்டுமோ என்று தேவன் கேட்கிறார். அடுத்த வசனத்தில், என் ஆடுகள் நீங்கள் குழப்பினதைக் குடிக்கவேண்டுமோ என்கிறார். தண்ணீர் அந்தத் தீர்க்கதரிசனத்தில் இருக்கிறது.

நான் குழப்பின தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு மேல்பக்கம் ஒரு தொழிற்சாலை வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது, குளித்தால் உடம்பெல்லாம் தடிப்பு. அம்மா பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்தார், முழங்கால் தேய்ந்துபோகும்வரை நடந்தார். அந்தத் தொழிற்சாலையின் முதலாளி ஒரு விசுவாசி. எங்கள் சபைக்குப் பெரிய காணிக்கை கொடுத்தவர், முன்வரிசையில் உட்காருவார், மணிக்கணக்கில் ஜெபிப்பார். அந்த ஜெபம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்காலில் அவர் விடுகிற தண்ணீரைப் பற்றி ஒரு பிரசங்கத்திலும் ஒரு வார்த்தை வரவில்லை. அது பாவம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஏழைக்காகப் பேசுகிறேன் என்றீர்கள், நன்றி. ஆனால் மேல்பக்கம் கெட்டால் முதலில் குடிப்பது ஏழைதான் பிரதர்.

கேள்விக்காரன்:
சகோதரி சொன்னது கனமானது, அதற்கு மறுப்பு இல்லை. ஆனால் அதுவும் மனிதனுக்காகத்தான். யாரும் குடிக்காத குளத்தில் இருக்கும் தவளைக்கு உங்கள் வேதத்தில் ஏதாவது மதிப்பு உண்டா?

திராட்சைக்கொடி:
உண்டு. யோபு 38-ஐ வாசியுங்கள். மனுஷர் குடியில்லாத பூமியிலும் மனுஷ நடமாட்டமில்லாத வனாந்தரத்திலும் மழை பெய்யவைப்பது யார் என்று தேவன் யோபுவிடம் கேட்கிறார். ஒருவருக்கும் பயிர் விளையாத இடம், அங்கே மழை, அதைச் சொல்வதில் அவருக்குச் சந்தோஷம் இருப்பதுபோலவே தெரிகிறது. பிரளயத்துக்குப் பிறகு ஆதியாகமம் 9-இல் அவர் செய்கிற உடன்படிக்கையும் நோவாவோடு மட்டும் நிற்கவில்லை, பேழையிலிருந்து இறங்கின சகல ஜீவஜந்துக்களோடும் என்று திரும்பத்திரும்ப வருகிறது.

எக்காளம்:
சகோதரி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதினதை இரண்டு தடவை வாசித்தேன். 18-ஆம் வசனத்தை நான் கவனிக்காமல் விட்டது உண்மை.

என் நிலைப்பாட்டை முழுவதும் மாற்றிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். சிலுவைக்குப் பக்கத்தில் எதையும் சமமாக வைக்க என்னால் முடியாது, இரட்சிப்பின் செய்தி முதலில் என்பதில் அசையமாட்டேன். பிளாஸ்டிக் கப் விஷயத்திலும் திராட்சைக்கொடி அதைத் தேவனுக்குக் கீழ்ப்படிதல் என்ற அளவுக்குக் கொண்டுபோனது அதிகம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முதலாளியைப் போல ஒருவர் என் சபையில் இருந்தால் என்ன செய்வேன் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொல்கிறாரே, அதைத்தான் அவரிடம் சொல்லவேண்டும். உறையைத் திருப்பிக் கொடுத்து, வாய்க்காலைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவேண்டும். சொல்லுகிற தைரியம் எனக்கு இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

கோதுமைமணி:
எங்கள் பாஸ்டருக்கும் அது இருக்கவில்லை பிரதர். நல்ல மனுஷர் அவர். அதே தண்ணீரைத்தான் அவரும் குடித்தார்.