மூக்கைப் பிடித்தால் ஏலக்காய் காணோம்

மன்னார்குடிப் பக்கத்து டீச்சர்:

ஐம்புலன் பாடத்தைப் படம் மாட்டி ஒப்பிக்க வைத்தால் அரை மணியில் முடிந்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது போதும், எனக்குத்தான் போதவில்லை. ஒருநாள் வெல்லத் தண்ணீரில் ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு செம்பு கொண்டுபோனேன். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கச் சொன்னேன்.

"என்ன தெரியுது?"

"இனிப்பு டீச்சர்." அவ்வளவுதான்.

விழுங்கிவிட்டு மூக்கை விடச் சொன்னதும், "ஐ, பானகம்!" என்று ஒருத்தி கத்தினாள். நாக்குக்குப் பிடிபடுவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போலச் சிலதுதான். ஏலக்காய் வாசம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறினால்தான் உண்டு. சளி பிடித்தால் ரசம் சப்பென்று இருப்பதும் இதனால்தான். (நுனி நாக்கில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று நாம் படித்த படம் தப்பு. எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது.)

அப்புறம் தொடு உணர்வு. பைக்குள் நெல்லைப் போட்டு, கையை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒரு பையன் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தான். 'கடக்'. "காஞ்சிருக்கு டீச்சர். ஈரமா இருந்தா சத்தம் வராது."

அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகுமுன் அவன் அப்பா அப்படித்தான் பார்ப்பாராம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே சிக்கலாயிற்றே. கைக்கு வைத்த சோதனையைப் பல்லும் காதும் முடித்துவிட்டன. படத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முழித்தேன்.

கும்பகோணத்து அப்பா:

எங்கள் வீடு ரைஸ்மில்லுக்கு அடுத்த சந்து. நெல் ஊறும் புளித்த வாடைக்கு, வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். என் மகனோ "எந்த வாடை?" என்பான். பழகிப்போன மூக்குக்கு அது தெரிவதில்லை. லீவுக்கு மாமா வீட்டில் 10 நாள் இருந்துவிட்டு வந்தவன், சந்து முனையிலேயே பொத்தினான்.

திருவாரூர் ஆச்சி:

டீச்சரம்மா, ஒன்று சேர்த்துக்குங்க. வயலில் உளுந்து பிடுங்கிய சமயம், வீடெல்லாம் உளுந்து. பள்ளியில் மோந்து பார்த்ததை என் பேத்தி வீட்டில் செய்துகாட்ட, ஒரு உளுந்து மூக்குக்குள் போய்விட்டது. நான் பதறித் தண்ணீரை விட, அது ஊறி உப்பிக்கொண்டது. டாக்டர் எடுத்துவிட்டு என்னைத்தான் திட்டினார். பயறு, கடலை எதையும் திறந்த கிண்ணத்தில் கொடுக்காதீங்க.

மன்னார்குடிப் பக்கத்து டீச்சர்:

சரிங்க ஆச்சி. நாளைக்கே மோந்து பார்க்கக் கொடுக்கும் டப்பா வாயில் துணி கட்டிவிடுகிறேன். நெல்லுக்கும் சேர்த்து.