அக்கவுண்டபிலிட்டி: பொறுப்பா, பொறுப்புக்கூறலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றிப் பேச ஆண்டுதோறும் கூடும் ஃபேக்ட் மாநாட்டின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் என் பங்கு இது. 2018இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த மாநாட்டின் பெயரில் மூன்று சொற்கள்: ஃபேர்னஸ், அக்கவுண்டபிலிட்டி, டிரான்ஸ்பேரன்சி. கடைசிச் சொல்லுக்கு வெளிப்படைத்தன்மை ஊன்றிவிட்டது, அதைக் கிளற வேண்டாம். முதற்சொல்லுக்குச் சிலர் 'நேர்மை' என்றீர்கள். நேர்மை ஆளின் குணம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின, வெண்ணிற ஆண்களிடம் 0.8 சதவீதத்துக்கு மேல் தவறவில்லை என்று ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் காட்டியது அந்த முதல் மாநாட்டில்தான். அந்த மென்பொருள்கள் பொய் சொல்லவில்லை; எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. எனவே நியாயம் போதும்.

நடுச்சொல்லான அக்கவுண்டபிலிட்டிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

'பொறுப்பு' போதும் என்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நெதர்லாந்தின் வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு வரும் விண்ணப்பங்களில் எதில் மோசடி இருக்கலாம் என்று கணிக்க ஒரு மென்பொருளை வைத்திருந்தது. விண்ணப்பித்தவர் அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவரா என்பதையும் அது கணக்கில் எடுத்தது. சந்தேகப் பட்டியலில் வந்த விண்ணப்பம் ஓர் அதிகாரியின் மேசைக்குப் போகும். ஏன் சந்தேகம் என்ற ஒரு வரி விளக்கம்கூட அவருக்கு வராது. வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லிப் பல்லாயிரம் குடும்பங்களை நெருக்கினார்கள். கடைசியில் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

சரி, அரசு பொறுப்பேற்றுவிட்டது. ஆனால் "ஏன் எங்களை?" என்று கேட்ட தாய்க்கு, அவர் கேட்ட நாளில், எதிரே உட்கார்ந்திருந்தவரால் எதையும் சொல்ல முடியவில்லை. இல்லாமற்போன அந்த ஒன்றுக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். பொறுப்பை ஒருவர் தன் மனதுக்குள்ளேயே சுமக்கலாம். இதற்கோ இரண்டு பேர் வேண்டும்: கேட்க உரிமை உள்ள ஒருவர், சொல்லியாக வேண்டிய இன்னொருவர். 'பொறுப்பேற்பு'ம் உதவாது. அமைச்சர் பொறுப்பேற்றார் என்றால் பதவிக்கு வந்தார் என்றுதானே படிக்கிறோம்!

நான் முன்பு 'பதிற்கடமை' என்று முன்மொழிந்திருந்தேன். "இதற்கு யார் பதில் சொல்வது?" என்று எல்லாரும் கேட்கிறோமே, அதிலிருந்து எடுத்தது. அதைத் திரும்பப் பெறுகிறேன். பதில் என்ற சொல்லுக்கு 'ஒன்றின் இடத்தில் இன்னொன்று' என்ற பொருளும் உண்டு. பதிலாள், பதிலி எல்லாம் அந்த வழியில் வந்தவை. மனிதருக்குப் பதில் இயந்திரம் என்று பேசும் துறையில் பதிற்கடமை என்று எழுதினால், யாருடைய கடமையையோ வேறு யாரோ செய்வதாகத்தான் படும்.

ஈழத்தில் 'பொறுப்புக்கூறல்' வழக்கில் இருக்கிறது. 2009க்குப் பிறகு போரில் நடந்தவற்றுக்கு நீதி கேட்ட எழுத்துகளில் அது நாள்தோறும் புழங்கியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரின் கேள்வியோடு சேர்ந்து வளர்ந்த சொல் அது. அதன் கனத்தை நான் மதிக்கிறேன். நாம் ஆய்வறையில் உட்கார்ந்து செய்யும் எந்தச் சொல்லுக்கும் அந்த உயிர் வராது.

காதால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். "தவறுக்குக் கணினிதான் பொறுப்பு" என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாமல் போய்விடுகிறது. "தவறுக்குக் கணினி பொறுப்புக்கூற வேண்டும்" என்றால் உடனே இடறுகிறது. அந்த இடறல் நமக்கு வேண்டும். மென்பொருள் தன் முடிவுக்கு விளக்கம் தரலாம். பொறுப்புக்கூற ஒரு மனிதர் வந்து நிற்க வேண்டும். பொற்கொல்லன் சொன்னதை நம்பிவிட்டேன் என்று பாண்டியன் கண்ணகியிடம் தப்பிக்கப் பார்க்கவில்லையே.

அப்புறம், ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் மத்தியாஸ் 2004இல் எழுதிய 'ரெஸ்பான்சிபிலிட்டி கேப்'. தானாகக் கற்கும் இயந்திரம் என்ன செய்யும் என்பதை அதை உருவாக்கியவரும் முன்கூட்டி அறிய முடியாதபோது, யாரைக் குற்றம் சொல்வது என்ற சிக்கல். 'பொறுப்பு இடைவெளி' வேண்டாம். எதற்கும் எதற்கும் இடையில் என்று கேள்வி வரும். அரசியல் வெற்றிடம் என்கிறோமே, அதுபோல் 'பொறுப்பு வெற்றிடம்' என்று வைக்கலாம்.

இன்னும் முடியாதது 'அக்கவுண்டபிள்' என்ற பெயரடைதான். 'பொறுப்புக்கூறத்தக்க நிறுவனம்' என்றால் அது தகுதியைச் சொல்வதுபோல் இருக்கிறது, கட்டாயத்தைச் சொல்லவில்லை. 'பொறுப்புக்கூற வேண்டிய நிறுவனம்' நீளம், ஆனால் பொருள் பிசகவில்லை. இச்சொல்லை நெடுங்காலம் எழுதிவரும் ஈழத்து நண்பர்கள் இந்த இடத்தில் என்ன எழுதுகிறீர்கள்? நான் இரண்டாவதைத்தான் இப்போதைக்கு எழுதிவருகிறேன்.