ஸ்னோ விழறதுக்கு முன்னாடி உங்க வீல் ஸ்பேனரை ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க (ஒன்டாரியோ)

புதுசா வந்து முதல் கார் வாங்குனவங்க எல்லாம் வின்டர் டயர், இன்சூரன்ஸ்னு நிறைய கேக்குறீங்க, ஆனா டிக்கி மேட்டுக்கு அடியில கிடக்குற வீல் ஸ்பேனரை யாராவது கையில எடுத்துப் பாத்தீங்களா? நான் பாக்காம விட்டுட்டேன். போன ஜனவரி, ஒட்டாவா போற வழில கிங்ஸ்டன் தாண்டி பின் டயர் பஞ்சர். வெளிய மைனஸ் 17, பின் சீட்ல ரெண்டு வயசு பாப்பா. எக்ஸிட் பக்கத்துலயே இருந்ததால மெதுவா உருட்டி ஒரு கேஸ் ஸ்டேஷன்ல போய் நிறுத்திட்டேன். ஊர்ல எத்தனை தடவை ஸ்டெப்னி மாத்திருக்கோம், பதினஞ்சு நிமிஷ வேலைன்னு தான் இறங்குனேன். அஞ்சு நட்டுல ஒண்ணு கூட அசையல, ஏறி மிதிச்சப்ப ஸ்பேனர் வழுக்கி முட்டி தரையில போய் இடிச்சது தான் மிச்சம். ரெண்டு மணி நேரம் கழிச்சு டோ டிரக்ல வந்தவரு நீளமா ஒரு ராடை மாட்டி டக் டக்னு எல்லாத்தையும் லூஸ் பண்ணிட்டாரு.

ரெண்டு காரணம். வின்டர் டயர் மாட்டுன கடையில இம்பாக்ட் கன்னால (நட்டை வேகமா முறுக்குற மெஷின்) தேவைக்கு மேல இறுக்கி விட்டுருந்தாங்க. அதுக்கு மேல இங்க ரோட்ல கொட்டுற உப்பு, நட்டு துருப்பிடிச்சு அப்படியே ஒட்டிக்கும். காரோட வர்ற எல் ஷேப் ஸ்பேனர் ஒரு அடி இருந்தா அதிகம். அதுல 40 கிலோ எடை குடுத்தா சுமார் 117 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையோட அளவு) தான் கிடைக்கும், ஹோண்டா சிவிக் நட்டை இறுக்க வேண்டிய அளவே 108, அப்ப அதைவிட ரெண்டு மடங்கு இறுக்கி வச்சத எப்படி கழட்டுறது? ரெண்டு அடி ராடா இருந்தா அதே கை பலத்துக்கு ரெண்டு மடங்கு முறுக்கு விசை.

அதனால ஒரு பிரேக்கர் பாரும் (சாக்கெட் மாட்டுற அந்த நீள ராடு தான்) உங்க நட்டுக்கு சரியான சாக்கெட்டும் வாங்கி டிக்கில போட்டுருங்க. ஹோண்டான்னா பெரும்பாலும் 19 எம்எம், டொயோட்டா 21, ஃபோக்ஸ்வாகன் 17, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க வண்டில போட்டுப் பாத்துருங்க. சில வண்டில நட்டு மேல மெல்லிசா ஒரு பளபள மூடி இருக்கும், உள்ள தண்ணி போய் துருப்பிடிச்சு உப்பிடும், அப்புறம் சரியான சைஸ் ஸ்பேனரே உள்ள போகாது. கடையில ஸ்டெப்னின்னு கேட்டா யாருக்கும் புரியாது, ஸ்பேர் டயர்னு கேளுங்க. வீல் ஸ்பேனருக்கு இங்க லக் ரெஞ்ச், சில பேர் டயர் அயர்ன்னும் சொல்வாங்க. (ஸ்டெப்னிங்கிற பேரே வேல்ஸ்ல லானெத்லி ஊர்ல இருக்குற ஸ்டெப்னி தெருவுல இருந்து வந்தது, 1904ல அங்க தான் அந்த ஸ்பேர் வீலை கண்டுபுடிச்சாங்க.)

வண்டி தரையில நிக்கும்போதே நட்டை லூஸ் பண்ணிக்கணும், ஜாக்கி அதுக்கு அப்புறம் தான். திருப்பி மாட்டும்போது வரிசையா இறுக்காம ஒண்ணு விட்டு எதிர்ல இருக்குறதுன்னு நட்சத்திர மாதிரி போங்க. வீட்டுக்கு வந்ததும் டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்குறோம்னு அளவு பாத்து இறுக்குற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல போட்டுருக்குற அளவுக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டுனதும் இன்னொரு தடவை செக் பண்ணுங்க, வின்டர் டயர் மாத்துனாலும் இதே தான். கழட்ட ஈஸியா இருக்கும்னு மரையில எண்ணெய் விடாதீங்க, அளவுக்கு மேல இறுகிடும். சின்ன ஸ்பேர் டயர் இருந்தா காத்து பாத்து வைங்க, பொதுவா 60 பிஎஸ்ஐ, அதுல 80 ஸ்பீடுக்கு மேல போகக்கூடாது.

யூஸ்டு கார் வாங்குறவங்க லாக் நட்டு (வீலை யாரும் திருடாம இருக்க தனி சாவி போட்டு கழட்டுற நட்டு) இருக்கான்னு பாருங்க, இருந்தா அதோட சாவியை அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க. அது இல்லாம எவ்ளோ நீள ராடு வச்சுருந்தாலும் கழட்ட முடியாது.

401 ஹைவே ஷோல்டர்ல (ரோட்டோரத்துல) மட்டும், அதுவும் டிராஃபிக் பக்கத்து டயர்னா, இறங்கி மாத்தவே மாத்தாதீங்க. ரிம் போனா போகுது, எக்ஸிட் வரைக்கும் மெதுவா போங்க, முடியலன்னா ஹஸார்டு லைட் போட்டுட்டு ரோட்சைடு அசிஸ்டன்ஸ கூப்பிடுங்க.

ஸ்கார்பரோ பக்கம் இருக்குறவங்களுக்கு டார்க் ரெஞ்ச் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, நவம்பர்ல சனிக்கிழமை காலைல வீட்ல தான் இருப்பேன், உங்க வண்டி நட்டு கழலுதான்னு சேந்தே பாத்துடலாம்.