மறு: டிஜிட்டல் ரேடியோகிராபிக்குத் தமிழ்ச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம். பிலிம் இல்லாமல் கதிர்களால் படமெடுத்து எண்களாகப் பதியும் டிஜிட்டல் ரேடியோகிராபிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில், ஓர் அன்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'எண்ணிம எக்ஸ்கதிர்ப்படம்' போதுமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் முழுதும் அடங்காது. பாய்லர் குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்க இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் படத்தில் எக்ஸ்கதிருக்கு வேலையே இல்லை. அது காமாக் கதிர். அதையும் இப்போது பிலிம் இல்லாமல் எடுக்கிறார்கள். அதனால் பொதுவாகக் 'கதிர்ப்படம்' என்பதே சரி. இன்னொரு அன்பர் 'கதிர்ப்பதிவு' என்று சுருக்கியிருந்தார். எனக்கு அது எக்ஸ்ரே ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் டிஎல்டி பட்டையைத்தான் நினைவூட்டுகிறது. அங்கே பதிவாவது கதிரின் அளவு, படம் இல்லை. கொஞ்சம் நீண்டாலும் 'எண்ணிமக் கதிர்ப்படப் பதிவு' என்றே வைக்கலாம்.

இதற்குள் அடங்கும் சிஆர் (கம்ப்யூட்டட் ரேடியோகிராபி), டிஆர் (டைரக்ட் ரேடியோகிராபி) என்ற இரண்டு முறைகளுக்குத்தான் கவனமாகப் பெயர் வைக்க வேண்டும். சிஆரைக் 'கணினிக் கதிர்ப்படம்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கணினி இரண்டிலும் உண்டு. சிடி ஸ்கேனுக்கும் 'கணினி' என்றே தொடங்கும் பெயர் வழக்கில் இருக்கிறது. படிக்கும் மாணவர் நிச்சயம் குழம்புவார்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் ஃபியூஜி கொண்டுவந்த சிஆரில், கேசட்டுக்குள் பிலிமுக்குப் பதில் ஒரு தகடு. அதன்மேல் யூரோப்பியம் கலந்த பேரியம் ஃபுளோரோபுரோமைடு போன்ற ஒரு பூச்சு. கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் அந்தப் படிகங்களில் சிக்கி நின்றுவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேசட்டை ரீடரில் செருகினால் சிவப்பு லேசர் வரிவரியாக வருடும். சிக்கியவை விடுபட்டு நீல ஒளி கசியும், அந்த ஒளிதான் எண்களாக மாறுகிறது. அப்புறம் பளீரென்ற வெள்ளை விளக்கில் மிச்சத்தை அழித்துவிட்டு, அதே தகட்டை அடுத்த நோயாளிக்கு வைக்கலாம். படிக்காமல் நெடுநேரம் போட்டுவைத்தால் படம் தானே மங்கும்.

டிஆரில் தகட்டுக்குப் பதில் ஒரு தட்டையான பலகை, தேக்கி வைப்பது இல்லை. சீசியம் அயோடைடு படலம் கதிர் பட்ட கணமே ஒளிர்கிறது. அடியிலுள்ள சிலிக்கான் அடுக்கு அந்த ஒளியை மின்னாக்கி அனுப்பிவிடுகிறது. மார்பகப் படக் கருவிகள் சிலவற்றில் ஒளியே கிடையாது, செலீனியம் படலம் கதிரை நேரே மின்னூட்டமாக்கும்.

அதனால் பேரியப் பூச்சுக்குத் 'தேக்கொளிரி', சீசியப் படலத்துக்கு 'உடனொளிரி' என்று வைக்கலாம். செலீனியம் ஒளிர்வதில்லை, அது 'நேர்மாற்றி'. முறைகளில் சிஆர் 'தகடுவழி', டிஆர் 'பலகைவழி'. செய்முறை வகுப்பில் பொருளைக் கையில் கொடுத்தே சொல்லித்தர முடியும்.

இன்னொரு கருத்துக்குச் சொல் கிடைக்கவில்லை, எனக்கு அதுதான் அவசரம். பிலிமில் கதிர் கூடினால் படம் கருத்துப்போய்க் காட்டிக்கொடுக்கும். எண்ணிமப் பதிவில் மென்பொருள் கருமையைச் சரிசெய்துவிடுகிறது. கூடுதல் கதிரில் இரைச்சல் (படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் கலங்கல்) குறைந்து படம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. எனவே யாரும் கவனிக்காமலே நாளடைவில் நோயாளி வாங்கும் கதிர் ஏறிக்கொண்டே போகும். 'கதிரளவுப் பெருக்கம்' என்றால் கவனிக்காமல் ஏறுவது என்ற பொருள் வரவில்லை. 'கள்ள ஏற்றம்' என்று ஒன்று தோன்றியது, ஆனால் யாரோ வேண்டுமென்றே செய்தது போல் ஒலிக்கிறது. பாதுகாப்புக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே வர வேண்டிய சொல் இது. உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள்.