கம்ப்ரசர் இழுக்கும் பிக்கப்: பின் ஷாக்கை மாற்றுவதா, ஸ்பிரிங் பட்டை போடுவதா?

பர்கூர்_கம்ப்ரசர்:
கிரானைட் குவாரிகளுக்கு ஏர் கம்ப்ரசர் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு சக்கர கம்ப்ரசரை பிக்கப் பின்னால் மாட்டி இழுப்போம். பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் வழிந்து புழுதி அப்பிக் கிடக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி நாலு ஆட்டம் ஆடித்தான் நிற்கிறது. கம்ப்ரசரை மாட்டியதும் பின்பக்கம் தாழ்ந்தும் போகிறது. பட்டறையில், "ஷாக்கை விடுங்க, ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தா சரியாயிடும்" என்கிறார்கள். செய்யலாமா?

கமான்_கட்டு:
தாராளமாகச் செய்யுங்கள். லோடு தாங்குவது பட்டை; ஷாக் ஒரு கிலோகூடத் தாங்காது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே ஆட்டம் ஓரளவு அடங்கிவிடும். சந்தூர் பக்கம் மாங்காய் ஏற்றும் டிராக்டர் டிப்பருக்கு எங்கே ஷாக் இருக்கிறது? ஓடவில்லையா?

தொப்பூர்_இறக்கம்:
டிராக்டர் போகிற வேகம் என்ன, 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் பிக்கப் போகிற வேகம் என்ன அண்ணா? ஷாக் லோடு தாங்காது என்பது சரி. அதன் வேலையே வேறு: துள்ளும் பட்டையை அடக்கி, டயரைத் தரையில் அழுத்தி வைப்பது. தரையை விட்டு எழும்பும் டயரில் பிரேக் பிடித்து என்ன பயன்? தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது தொப்பூர் கணவாயில் பின்னாலிருந்து ஒரு டன் தள்ளினால் தெரியும். அதோடு, பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். கம்ப்ரசரைக் கழற்றிவிட்டுக் காலியாக வரும்போது துள்ளல் கூடும். செத்த ஷாக் அதை எப்படி அடக்கும்?

கமான்_கட்டு:
சரி, ஷாக் மாற்றினால் தாழ்ந்த பின்பக்கம் மேலே வந்துவிடுமா?

ஓசூர்_லேத்:
வராது. இரண்டு கோளாறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஆடுவது ஷாக் கோளாறு. தாழ்வது எடைக் கோளாறு. பின்னால் இழுக்கப்படும் வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழும் என்பது பொதுக் கணக்கு. கம்ப்ரசர் 1,000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ, அதுவும் பின் அச்சுக்கும் பின்னால். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். ஹோஸ், ஜாக் ஹாமர், டீசல் கேன் எல்லாவற்றையும் டெயில் டோர் ஓரமாக அடுக்கியிருந்தால் முதலில் கேபின் பக்கம் தள்ளுங்கள், காசா பணமா. அப்புறமும் தாழ்ந்தால், பட்டையில் விரிசல் இருக்கிறதா, வளைவு செத்துவிட்டதா என்று பாருங்கள்.

பர்கூர்_கம்ப்ரசர்:
ஷாக் செத்துவிட்டதை எப்படி உறுதி செய்வது? பின்னால் ஏறி அமுக்கினால் அசையவே இல்லை.

தொப்பூர்_இறக்கம்:
பிக்கப்பில் அமுக்கிப் பார்ப்பது வீண், பட்டை அவ்வளவு விறைப்பு. குவாரி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, பின் ஷாக் இரண்டின் உடம்பிலும் சூடு பாருங்கள். வேலை செய்யும் ஷாக், ஆட்டத்தைச் சூடாக மாற்றி விழுங்கும். மெதுவாகத் தொடுங்கள், சுட்டுவிடும். ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை. பின் டயரைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். லேசான ஆயில் ஈரத்துக்குப் பயப்பட வேண்டாம். உங்களுடையது வழிகிறது என்கிறீர்கள், அது போன கேஸ்தான்.

ஓசூர்_லேத்:
மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஷாக்கின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் புதிது. ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்க விடாதீர்கள். சக்கரம் தரையில் பட்டு எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். நம்மூர் பட்டறையில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

கமான்_கட்டு:
மாற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குவாரிக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு விலை கூடிய கேஸ் ஷாக் (ஆயிலோடு வாயுவும் அடைத்தது) தண்டச் செலவு. சாதா ஆயில் ஷாக் போதும்.

தொப்பூர்_இறக்கம்:
குவாரிக்குள்ளேயே ஓடினால் சரி. நீண்ட கரடுமுரடான ரோட்டில் ஆயில் சூடேறி நுரைத்தால் பிடிப்பு தளரும், அதைக் குறைக்கத்தான் கேஸ். பர்கூர் அண்ணா, வண்டி சேலம் பக்கம் போகுமா போகாதா?

பர்கூர்_கம்ப்ரசர்:
மாதத்துக்கு ஓரிரு தடவை போகும். லோடோடுதான்.