புதுப்பிப்பு: குழிக்கு மேலே உள்ள வெளியை என்ன செய்வது?

போன பதிவில் கேட்டிருந்தேன்: முடிவில்லாத உலோகத் தளத்தில் நீளமான செவ்வகக் குழி, மேலிருந்து விழும் மின்காந்த அலையின் சிதறலைக் கணக்கிட, மேலே உள்ள அரைவெளியையும் (தளத்துக்கு மேலுள்ள முடிவில்லாத வெளி) குழியைப் போலவே சிறு துண்டுகளின் வலையாகப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். மேலே வெற்றிடம்தானே, அங்கே ஒரே அதிர்வெண் அலைக்கான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டுக்கு ஃபூரியே உருமாற்றத்தில் (புலத்தை எளிய அலைகளாகப் பிரிக்கும் முறை) நேரடித் தீர்வு உண்டு. குழிவாயில் புலத்துக்கும் அதன் செங்குத்துச் சரிவுக்கும் உள்ள உறவை அதிலிருந்து எழுதிவிட்டால், மொத்த வெளியும் அந்த ஒரே எல்லை நிபந்தனைக்குள் அடங்கிவிடும். விலை என்னவென்றால், வாயிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாவற்றோடும் பிணைகிறது. தீர்க்க வேண்டிய சமன்பாடுகளின் அணியில் (matrix) அந்தத் துண்டு மட்டும் அடர்த்தி, அதாவது பூச்சியங்கள் இல்லாமல் நிரம்பியிருக்கும். சிலர் சொன்ன, 1994இல் பெராஞ்சே கொண்டுவந்த உறிஞ்சும் அடுக்கும் (வலையின் ஓரத்தில் அலையைத் திரும்பவிடாமல் விழுங்குவது) நன்றாகவே ஓடும். ஆனால் வாய் சின்னதென்றால் என் ஓட்டு அந்த எல்லை நிபந்தனைக்குத்தான்.

சோதனைக்கு 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் 10 செ.மீ.; குழி அகலம் 4 செ.மீ. மின்புலம் குழியின் நீளவாக்கில் இருந்தால், அகலம் அரை அலைநீளத்தை எட்டாததால் அலை உள்ளே தேய்ந்துவிடும். 10 செ.மீ. இறங்குவதற்குள் 1 சதவீதத்துக்கும் கீழே. அடித்தளத்தை இன்னும் இறக்கிப் பார்த்தேன், சிதறல் அசையவே இல்லை. காந்தப்புலம் நீளவாக்கில் இருந்தால் கதையே வேறு: அலை அடிவரை போய்த் திரும்பும், ஆழத்தை மாற்ற மாற்ற ஒத்திசைவு எட்டிப்பார்க்கும்.

ஜெட் எஞ்சின் காற்று நுழைவாய் பற்றிக் கேட்டவருக்கு: அதுவும் ஒரு குழிதான், ஆனால் பல அலைநீளம் அகலம், முப்பரிமாணம் வேறு. இந்த வலை கட்டுப்படியாகாது.